யாருக்காக அந்த உபவாசம்?

மகனுடைய பிளஸ் டூ பரீட்சைக்காக உபவாசம் எடுத்தேன். மூன்றாம் நாள் அவன், "அம்மா, நீங்க சாப்பிடாம இருக்கறதப் பார்த்தா படிச்சதெல்லாம் மறந்துபோகுது. மார்க் குறைஞ்சா, விசுவாசமில்லாத பையன்னு சபையில சொல்வாங்களா?" என்றான்.

எனக்கு வாய் திறக்கவில்லை. நான் கேட்டது அவனுடைய நன்மையையா, சாட்சி சொல்ல 600-க்கு ஒரு பெரிய நம்பரையா? உபவாசம் தப்பென்று சொல்லவில்லை. அதை அவன் தலையில் ஏற்றினேனே, அதுதான் உறுத்தியது. தானியேலும் பாபிலோனில் மூன்று வருஷம் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படிக்கவேண்டியதாயிருந்தது.

அன்றைக்கு ராத்திரி அவனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். தவறினாலும் அதே வருஷம் துணைத்தேர்வு உண்டு, பாலிடெக்னிக் உண்டு என்று பேசினோம். அவன் தூங்கினபிறகு முழங்கால்போட்டேன்.