உறையும் உயிரும்



உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கருவழிப் பிறப்பை உறையைக் கொண்டே மூன்றாக வகுத்தார். சவ்வுப் பையால் சூழப்பட்டுப் பிறப்பது சராயுசம். நாமும் பசுவும் இவ்வகை. முட்டையோட்டினுள் வளர்வது அண்டசம். உறையின்றிப் பிறந்தவுடன் நடமாட வல்லது போதம்.

மீன் அண்டசமே. ஆயினும் முட்டையிட்டு மறந்துபோகும் உயிர் என்று அதனை எளிதாக எண்ணிவிடுகிறோம். கட்லாக் கெண்டை அத்தகையதே. இலட்சக்கணக்கில் இட்டு நீங்கிவிடும். நம் ஏரிகளில் வாழும் விராலோ அவ்வாறன்று. நீர்ப்பூண்டுகளிடையே இடம் அமைத்து முட்டையிட்டுக் காவல் நிற்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் நகரும்போது பெற்ற மீன் அடியில் உடன் செல்லும். அத்திரளைக் கண்டே தூண்டிற்காரர் அதன் இருப்பிடம் அறிகின்றனர். பிள்ளைப் பாசமே அதனைக் காட்டிக் கொடுக்கிறது! ஜிலேபிக் கெண்டையின் தாய் முட்டைகளை வாயில் அடக்கிக் காக்கும். கடற்குதிரையில் கரு சுமப்பது தந்தை. கிணற்றில் கொசுப்புழு தின்ன விடப்படும் கப்பி மீனின் முட்டைகள் தாய்வயிற்றிலேயே பொரிந்து குஞ்சுகளாக வெளிவரும்.

பிறந்த பின்னும் உடற்போர்வை உண்டு. அழுங்கின் செதில், முள்ளம்பன்றியின் முள், செம்மறியின் உரோமம், நம் விரல் நகம் யாவும் கெரட்டின் என்னும் ஒரே பொருளால் ஆனவை. பாம்பு சட்டையைத் தானே கழற்றுகிறது. மயில் தோகையைத் தானே உதிர்க்கிறது. அவ்வாறு உதிர்ந்த பீலியே நம் முனிவர்தம் கையில் பிஞ்சியாகிறது. உடலுக்கு ஓர் உடையும் கொள்ளாத அவர்கள், பிற உயிரை நோகாது விலக்க ஏந்துவது அதனையே.

பட்டுக்கூடு அவ்வாறு உதிர்வதன்று. உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்தாகித் துளைத்து வெளியேறினால் நீண்ட இழை அறுபடும். ஆகவே உயிரோடு வெப்பத்தில் இட்டு நூலெடுக்கின்றனர். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையே என்று கற்ற நாம், ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் இன்றேல் திருமணம் நிறையாது என்கிறோம். பூசைக்குப் பட்டே தூயது என்றும் சொல்லிக்கொள்கிறோம். எங்கிருந்து வந்தது இத்தூய்மை?

அண்மையில் ஒரு திருமணத்தில் மணமகள் பருத்திக் கூறை உடுத்தி மணையில் அமர்ந்தாள். உறவினர் சிலர் முணுமுணுத்தனர். அவளை வாழ்த்த எழுந்த நாமோ அன்று பட்டு வேட்டி உடுத்தியிருந்தோம்.