பதினாறாவது முறை எழு!

1966ஆம் ஆண்டு, ஜூன் மாதம். ஜப்பானில் ஒரு சண்டை மேடை. கயிறுகளுக்குள் ஒரு பக்கம் இருபத்து மூன்று வயது ஜப்பானிய இளைஞர். எதிர்ப்பக்கம் தாய்லாந்திலிருந்து வந்த சமான் சோர் அதிசோர்ன். முவே தாய் என்னும் தன் நாட்டுச் சண்டைக் கலையில் ஊறியவர். மணி அடித்தது. ஜப்பானியர் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். மறுபடி எழுந்தார். நான்காவது சுற்றில் நாக்-அவுட் ஆகி ஆட்டம் முடிந்தபோது அவர் விழுந்த கணக்கு பதினாறு!

இன்றைய கிக் பாக்ஸிங்கில் ஒரே சுற்றில் மூன்று முறை விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்திவிடுவது வழக்கம். அன்று ஊர் பார்க்க, ஒரே எதிரியின் கையால் ஒரு மனிதர் பதினாறு முறை தரைக்குப் போனார்.

இத்தனைக்கும் அவர் சண்டை தெரியாதவர் இல்லை. மாணவப் பருவத்திலேயே கராத்தேயில் தேர்ந்தவர். இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில், ஒசாகாவில் தன் முதல் தொழில்முறை ஆட்டத்தை வென்று நிமிர்ந்து நின்றவர். அவர் பெயர் தடாஷி சவாமுரா. மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர் அது. இயற்பெயர் ஹிதெகி ஷிராஹா. அடுத்த ஏழே ஆண்டுகளில் ஜப்பானின் மிகப் பெரிய விளையாட்டு விருதுகளில் ஒன்று அவர் கைக்கு வந்தது.

"விழுந்தால் எழு" என்று உனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நானும் அதையே சொல்லிவிட்டுப் போக வரவில்லை. கணக்கைக் கவனி, தம்பி. கவனி, தங்கையே. பதினாறு முறை விழுந்தவர் மேடையில் எழுந்தது பதினைந்து முறைதான். பதினாறாவது முறை அவரால் அங்கே எழ முடியவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது. அப்படியானால் அவர் எங்கே எழுந்தார்? எப்படி எழுந்தார்? உன் வாழ்க்கையை மாற்றப்போகும் கேள்வி அதுதான்.

யாரும் எண்ணாத நேரம்

மேடையில் விழுந்தவனுக்கு எழுந்திருக்கப் பத்து எண்ணிக்கை கொடுப்பார்கள். யோசிக்க நேரம் இல்லை. உடம்பு சூட்டில் இருக்கிறது. கூட்டம் கத்துகிறது. மானம் முதுகில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது. அந்தப் பதினைந்து எழுச்சிகளும் வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு வெளியிலிருந்து துணை இருந்தது.

பதினாறாவது எழுச்சிக்கு எந்தத் துணையும் கிடையாது. விளக்கு அணைந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடுவர் எண்ணவில்லை. எழுந்தாலும் கைதட்ட ஆள் இல்லை. எழாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று அன்போடு சொல்ல மட்டும் நாலு பேர் இருப்பார்கள்.

உன் வாழ்க்கையிலும் இதுதானே நடக்கிறது? தேர்வு முடிவு வந்த அன்று "அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன்" என்று மீசை முறுக்குகிறாய். அது முதல் பதினைந்தில் ஒன்று. மூன்று வாரம் கழித்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பின், உன்னைத் தோற்கடித்த அதே பாடப் புத்தகத்தைத் தனியாகத் திறக்கிறாயே, அதுதான் பதினாறாவது. கடையை மூடிய அன்று கண்ணீரை அடக்கிக்கொள்வது பதினைந்தில் ஒன்று. கடன் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே காசு ஒழுகியது என்று வரிவரியாகப் பார்ப்பதுதான் பதினாறாவது.

பெரும்பாலானவர்கள் தோற்பது மேடையில் இல்லை. இந்த ஆளில்லாத நேரத்தில்தான் தோற்கிறார்கள். நீ அங்கே தோற்காதே!

வீரம் குறையவில்லை, வித்தை குறைந்தது

சவாமுரா ஏன் விழுந்தார்? கோழையா? பதினைந்து முறை எழுந்தவரை எவன் கோழை என்பான்? பலவீனமானவரா? அதுவும் இல்லை. அவர் கற்ற கலை வேறு, நின்ற மேடை வேறு. அவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஜப்பானியக் கராத்தேப் போட்டிகளில் பெரும்பாலானவை அடியை எதிராளியின் உடம்புக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்தும் முறையில் நடந்தவை. ஒரு துல்லியமான குத்து, ஒரு புள்ளி, உடனே பிரிந்து நிற்பார்கள். முவே தாயில் அடி நிற்காது, இறங்கும். இறங்கிய பின்னும் தொடரும். அங்கே முழங்கை வரும், முழங்கால் வரும். கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்து, விலா எலும்பில் முட்டியால் இடிப்பார்கள். தாடை எலும்பையும் வயிற்றையும் மட்டும் காத்தால் போதாது. கணைக்கால் எலும்பால் உன் தொடையையே வெட்டுவார்கள். கராத்தேயின் அகன்ற, ஆழமான நிலையில் முன்னங்காலில் பாரத்தை வைத்து நிற்பவனுக்கு அந்த உதை மரத்தில் விழும் கோடரி.

இத்தனையும் தாய்லாந்தில் சிறுவர்கள் சின்ன வயதிலிருந்தே பழகுவது. கராத்தேயில் வளர்ந்தவருக்கு அது முழுக்கப் புதிய பாடம்.

இங்கே ஒரு நிமிடம் நில். தோல்விக்கு நீ வைக்கும் பெயர்தான் உன் அடுத்த பத்து ஆண்டைத் தீர்மானிக்கிறது. "நான் லாயக்கில்லாதவன்" என்று பெயர் வைத்தால் அதற்கு மருந்தே கிடையாது. "எனக்கு இந்த முழங்கால் அடியைத் தடுக்கத் தெரியவில்லை" என்று பெயர் வைத்தால் மருந்து அடுத்த தெருவில் இருக்கிறது. தெரிந்தவரிடம் போ, கேள், பழகு. குறையை மனிதன் மேல் ஏற்றாதே. வித்தையின் மேல் ஏற்று. வித்தைக் குறை உழைப்பில் தீரும்.

நேர்முகத் தேர்வில் தோற்றாயா? "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லாதே. எந்தக் கேள்வியில் வாய் அடைத்தது? அதை எழுது. வியாபாரத்தில் தோற்றாயா? "ஊர் சரியில்லை" என்று சொல்லாதே. எந்தச் சரக்கு தேங்கியது, யார் பாக்கி வைத்தார்? அதை எழுது. எதிரிக்குப் பெயர் வைத்த கணமே அவன் பாதி தோற்றுவிட்டான்.

கறுப்புப் பட்டையைக் கழற்றி வை

கிக் பாக்ஸிங் என்ற விளையாட்டே அப்போது பிறந்த குழந்தை. ஒசாமு நோகுச்சி என்ற ஜப்பானியக் குத்துச்சண்டை அமைப்பாளர், முவே தாயைப் பார்த்து வியந்து, கராத்தேக்காரர்களையும் முவே தாய்க்காரர்களையும் கையுறை மாட்டி ஒரே மேடையில் ஏற்றினார். அந்தப் புதிய விளையாட்டுக்கு அவர் சூட்டிய பெயர் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. அந்த மேடையின் முதல் நட்சத்திரமாகத்தான் சவாமுரா உருவானார்.

ஆனால் புது மேடை எவருடைய பழைய பட்டத்தையும் மதிப்பதில்லை. தனக்குத் தெரிந்த கலையில் ஆசிரியராக இருந்தவர், தெரியாத கலையில் கடைசி பெஞ்சு மாணவராக உட்கார வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் மிகப் பெரிய தைரியம் வேண்டும். அடி வாங்குவதை விட இது வலிக்கும்.

சவாமுரா உட்கார்ந்தார். கற்றார். பிறகு என்ன நடந்தது என்று பார். ஜப்பான் அவரை நினைவில் வைத்திருப்பது எந்த அடியால் தெரியுமா? பறந்து எழும்பி முழங்காலால் தாக்கும் அடியால்! முழங்கால், முவே தாயின் தலையாய ஆயுதங்களில் ஒன்று. எந்தக் கலை அவரைப் பதினாறு முறை தரையில் கிடத்தியதோ, அந்தக் கலையின் ஆயுதத்தைத் தன் கராத்தே உடம்பில் ஏற்றிக்கொண்டு, எதிராளியின் தோளுக்கு மேல் பறந்தார். தோற்கடித்தவனைத் திட்டிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? "எங்கள் கராத்தேதான் உயர்ந்தது" என்று வீம்பு பிடித்திருந்தால் நடந்திருக்குமா?

உன்னை வென்றவனை வெறுக்காதே. அவனிடம் இருப்பதை எடுத்துக்கொள். அதுதான் அறிவுள்ளவன் வாங்கும் பழி!

1968இல் டிபிஎஸ் தொலைக்காட்சி கிக் பாக்ஸிங்கை ஒளிபரப்பத் தொடங்கியது. ஜப்பானிய வீடுகள் சவாமுராவுக்காகக் காத்திருந்தன. அவர் வாழ்க்கையை வைத்துப் படக்கதை வந்தது. 1970இல் அதுவே தொலைக்காட்சி அனிமேஷன் தொடராகவும் ஓடியது. 1973இல் ஜப்பானின் தொழில்முறை விளையாட்டுப் பெருவிருது அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு யார் போட்டியில் இருந்தார் தெரியுமா? பேஸ்பால் உலகின் மாமன்னர் சதாஹரு ஓ. மட்டையாட்டத்தின் மூன்று முதலிடங்களையும் ஒரே ஆண்டில் பிடித்திருந்தவர். பேஸ்பாலே மூச்சாக இருந்த நாட்டில், அவரையும் தாண்டிக்கொண்டு ஏழாண்டு வயதுள்ள ஒரு விளையாட்டின் வீரர் மேடை ஏறினார்.

232 வேண்டாம், 16 போதும்

அவர் பெயரில் எழுதப்பட்டுள்ள கணக்கு இது: 241 ஆட்டங்கள், 232 வெற்றிகள், அவற்றில் 228 நாக்-அவுட். கேட்டாலே மலைக்கும். பின்னாளில் இந்தக் கணக்கின் மேல் கேள்விகளும் எழுந்தன. தொலைக்காட்சிக்காக நடந்த அத்தனை ஆட்டங்களும் சமபலப் போட்டிகள்தானா என்று ஜப்பானிலேயே கேட்டார்கள். கேட்கட்டும். கேட்பது நியாயம். அதனால்தான் நான் உன் முன் அந்த 232ஐ வைக்கவில்லை.

நான் வைப்பது அந்த 16ஐ. அதன் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. தன் நட்சத்திரத்தைப் பதினாறு முறை தரையில் புரளவைக்க எந்த அமைப்பாளரும் திட்டம் போடமாட்டார். வெற்றியில் கலப்படம் செய்யலாம். அப்படி விழுந்ததில் செய்ய முடியாது. அதன் பிறகும் அந்த மனிதர் மேடைக்குத் திரும்பினார், 1977இல் ஓய்வை அறிவிக்கும் வரை கிக் பாக்ஸிங்கின் முகமாக இருந்தார் என்பதிலும் கலப்படம் இல்லை. 2021இல், 78 வயதில் அவர் மறைந்தபோது ஜப்பான் நினைவுகூர்ந்த கதைகளில் அந்தப் பதினாறும் ஒன்று.

உன் சான்றிதழ்களை நாளைக்கு யாராவது கேள்வி கேட்கலாம். "சிபாரிசில் வந்தவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசலாம். நீ விழுந்த இடத்திலிருந்து எழுந்து நடந்த தூரத்தை எவனும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. அது உன் சொத்து.

ஒருவர் தோல்வி, ஒரு பரம்பரை

"எனக்கு வயதாகிவிட்டது, இனி எழுந்து என்ன?" என்று கேட்பவர்களுக்கு இன்னொருவரைக் காட்டுகிறேன். கென்ஜி குரோசாகி. சவாமுரா மேடையேறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1964இல், மசுதாட்சு ஓயாமாவின் கராத்தேப் பள்ளியிலிருந்து மூன்று வீரர்கள் பாங்காக் லும்பினி அரங்குக்குப் போய் முவே தாய் வீரர்களோடு மோதினார்கள். இளையவர்கள் இருவர் வென்றார்கள். தோற்றவர் குரோசாகி. முப்பதைத் தாண்டியவர், பிறருக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருந்தவர். மாணவன் வென்று ஆசான் தோற்றால் அந்த வலி எப்படி இருக்கும்?

அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தன்னைத் தோற்கடித்த கலையை ஆராய்ந்தார். 1969இல் டோக்கியோவில் மெஜிரோ ஜிம்மைத் தொடங்கினார். அங்கே அவர் செதுக்கிய தோஷியோ ஃபுஜிவாரா, 1978 மார்ச்சில் பாங்காக்கின் ராஜதம்னன் அரங்கப் பட்டத்தை வென்றார். தாய்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. தான் தோற்ற கலையின் மணிமுடியைப் பதினான்கு ஆண்டு கழித்துத் தன் மாணவன் தலையில் வைத்துப் பார்த்தார் குரோசாகி! அதே ஜிம்மில் பயின்ற நெதர்லாந்துக்காரர் யான் பிளாஸ், ஆம்ஸ்டர்டாமில் அதே பெயரில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். பின்னாளில் உலகக் கிக் பாக்ஸிங்கில் நெதர்லாந்து கொடிகட்டிப் பறந்ததன் வேர்களில் அதுவும் ஒன்று.

பதினாறாவது எழுச்சி உன் காலில்தான் நிகழ வேண்டும் என்பதில்லை. உன் மகளின் காலில் நிகழலாம், உன் மாணவனின் காலில் நிகழலாம். நீ கற்றதைக் கைமாற்றிக் கொடுத்தால் போதும்.

இனி உன் முறை

முரட்டுத்தனமாக அதே சுவரில் அதே தலையை முட்டு என்று நான் சொல்லவில்லை. அது எழுச்சி ஆகாது. சவாமுரா மறுபடி மேடை ஏறியபோது பழைய ஆளாக ஏறவில்லை. புதிய ஆயுதத்தோடு ஏறினார். நீயும் அப்படித்தான் ஏற வேண்டும்.

ஆகவே இன்றைக்கே மூன்று காரியம் செய். உன்னைக் கடைசியாக வீழ்த்தியது எது என்று ஒரே வரியில் எழுது. மனிதர் பெயர் வேண்டாம், தெரியாத வித்தையின் பெயரை எழுது. அந்த வித்தை தெரிந்தவர் யார் என்று விசாரி. உன்னை விட இளையவராக இருந்தால் என்ன, படிப்பு குறைந்தவராக இருந்தால் என்ன, அவரிடம் கைகட்டி நிற்க வெட்கப்படாதே. பிறகு, ஒருவர் கண்ணிலும் படாத ஒரு நேரத்தை நாள்தோறும் அதற்கு ஒதுக்கு. விடியற்காலையோ, வேலை முடிந்து வந்த பின்னோ, உனக்கு வாய்த்த நேரம் எதுவோ அது.

ஒரு மாதம் உனக்கே நம்பிக்கை வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. தன்னம்பிக்கை முதலில் வந்து பிறகு உழைப்பு வரும் என்று காத்திருப்பவன் கிழவனாகும் வரை காத்திருப்பான். உழைப்பைத் தொடங்கு, நம்பிக்கை பின்னாலேயே ஓடி வரும். நேற்று தடுக்கத் தெரியாத ஓர் அடியை இன்று தடுத்தாய் என்றால், அந்தக் கணத்தில் உனக்குள் பிறப்பதுதான் உண்மையான தன்னம்பிக்கை. மேடைப் பேச்சாளன் எவனும் அதை உனக்கு ஊட்டிவிட முடியாது; நான் எழுதும் இந்தக் கட்டுரையும் முடியாது. உன் கையும் காலும் வியர்த்துத்தான் அதைப் பெற முடியும்.

போ. உன்னை வீழ்த்திய வித்தையின் வாசலுக்கே போ. "எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்" என்று தலை நிமிர்ந்து சொல். அந்த ஐந்து நிமிட வெட்கத்துக்கு அஞ்சினால் ஆயுள் முழுக்கத் தோல்வியைச் சுமப்பாய். அதைத் தாண்டிவிட்டால், அடுத்த மணி அடிக்கும்போது மேடையில் நிற்பது வேறொரு ஆள்!