விலக்கப்பட்ட குன்று

சிங்கப்பூர் நகரின் நடுவே, சுமார் 50 மீட்டர் உயரமே உள்ள ஒரு குன்றின்மேல், கேனிங் கோட்டை என்ற பெயரைத் தாங்கிய பூங்காவில் கோட்டையைத் தேடிச் செல்கிறவர்களுக்கு அகப்படுவது வெகு சொற்பம்: ஒரு வாயில், அதை ஒட்டிச் சிறிது மதில், காட்சிக்கு வைத்த சில பீரங்கிகள், காவலர் மறைவாக வந்துபோகும்பொருட்டு அமைத்த ஒரு சிறு வாசல். 1859இல் ஆங்கிலேயர் வேலையைத் தொடங்கி, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த கேனிங் பிரபுவின் பெயரைச் சூட்டி, 68 பவுண்டு குண்டெறியும் பீரங்கிகளைக் கடலை நோக்கி நிறுத்தி முடித்த பிறகுதான், கோட்டைக்கும் கடலுக்கும் இடையே ஊர் இருக்கிறது என்பதும், எதிரிக் கப்பல் திருப்பிச் சுட்டால் அடி ஊருக்கே விழும் என்பதும் அவர்களுக்கு உறைத்தன. 1907இல் அதை இடித்தார்கள். உச்சியில் குடிநீர்த் தேக்கம் வந்தது. மணமக்கள் இன்று அந்த வாயிலின்கீழ் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கண்டு இராஜ்யங்களின் அநித்தியத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுவது எளிது. நம் முன்னோர் அந்தப் பெருமூச்சை வேண்டிய மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அங்கே எழுந்த வினா வேறு.

கோட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் குன்று அடைபட்டிருந்தது, மதிலே இல்லாமல். மலாய்க்காரர் அதற்கு இட்டிருந்த பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது விலக்கப்பட்ட குன்று. 14ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரா மன்னர்களின் அரண்மனை அதன்மேல் இருந்ததென்றும், அரச மகளிர் நீராடிய ஊற்று ஒன்று அதன் சரிவில் இருந்ததென்றும், மன்னனின் உத்தரவின்றி ஒருவரும் ஏறலாகாதென்றும் ஐதீகம். அந்த அரசு அழிந்தது. கடைசி மன்னன் தப்பியோடினான். பின்னர் மலாக்காவில் புது அரசு எழுந்தது. அப்படியும், 1819இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது அங்கிருந்த மலாய்க்காரர் குன்றில் கால்வைக்க அஞ்சினார்கள் என்றும், மேலிருந்து முரசொலியும் பெருங்கூட்டத்தின் ஆரவாரமும் கேட்பதுண்டு என்று சொன்னார்கள் என்றும் முன்ஷி அப்துல்லா தம் சுயசரிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். (மலாய் உரைநடையின் முன்னோடியான அவருடைய குருதியில் தமிழும் கலந்திருந்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.) புதிய குடியேற்றத்தின் பொறுப்பிலிருந்த ஃபார்க்குவார் துரை அதைக் கேட்டுச் சிரித்தார், மலாக்காவிலிருந்து வந்தவர்களைக் கொண்டு ஒரு பீரங்கியை மேலே இழுத்துச் சென்று வெடிக்கச் செய்தார்.

கட்டளையிட்டவன் மறைந்து, காவலன் மறைந்து, தண்டிக்க ஒருவருமில்லாத நிலையிலும், சுமார் 400 ஆண்டுக் காலம் ஒரு கட்டளை நடைபெற்றிருக்கிறது என்பதை நாம் ஆற அமர எண்ணிப்பார்க்க வேண்டும். கேனிங் கோட்டையின் கட்டளையோ, பீரங்கி வீரன் இறங்கிப்போன அன்றே முடிந்துபோயிற்று. முன்னதை வெறும் பயம் என்று தள்ளிவிடலாமே என்றால், ஃபார்க்குவாரின் வெடியோடு அது சிதறியிருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1822இல், அங்கே ஏறிப்பார்த்த ஆங்கிலேய அரசின் அதிகாரி கிராஃபர்டு, சிங்கப்பூராவின் அந்தக் கடைசி மன்னன் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று வழங்கிய இடத்தின்மேல் ஆங்கிலேயர் குடியேறிய பின்னரே எழுந்த ஓர் எளிய கொட்டகையையும், அங்கே முஸ்லிம்களும் இந்துக்களும் சீனரும் பேதமின்றி வந்து வணங்குவதையும் குறித்திருக்கிறார். ஏறவே அஞ்சிய குன்று ஏறி வணங்கும் குன்றாயிற்று. அந்த மன்னன் மலாக்காவில் இறந்ததாகப் பாரம்பரியம் சொல்வதால் சமாதிக் கதை மெய்யாயிராது என்றும் அதே மூச்சில் அவர் எழுதுகிறார். அவருடைய ஐயம் நியாயமானதே. ஆனாலும் மரத்தூண்கள் தாங்கிய கூரையின்கீழ், கெராமத் என்று வழங்கும் அந்தப் புனிதச் சமாதி இன்றும் இருக்கிறது.

இங்கேதான் நம் வேதாந்திகளின் பிரசித்தமான திருஷ்டாந்தம் எனக்குப் போதாமற்போகிறது. மங்கலான ஒளியில் கயிற்றைப் பாம்பென்று கண்டு நடுங்குகிறவன், விளக்கு வந்ததும் தெளிகிறான். ஞானம் உதிக்கவே பயம் நாசமாகிறது. சமாதி வெறுமையாயிருக்கலாம் என்ற விளக்கைக் கொண்டுவந்து வைத்த பிறகும் வணங்குகிறவன் கை தாழவில்லையே, ஏன்? அவனை மூடன் என்று சொல்லி முடித்துவிடுபவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் கேள்வியையே கேட்டுக்கொள்ளவில்லை. அவனுடைய வணக்கம் ஒரு வஸ்துவைப் பற்றிய அறிவாக இருந்திருந்தால் அன்றோ மற்றோர் அறிவு அதைப் பாதிக்கும்? அது விரதத்தின் இனத்தைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. விரதம் பொய்யென்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. அதைக் காக்கலாம், அல்லது முறிக்கலாம், அவ்வளவே. ஓரிடத்தின் புனிதம் அங்கே புதைந்திருக்கும் பொருளில் இல்லை; அதன் எதிரே மனிதன் தன் கால்களுக்குத் தானே இட்டுக்கொண்ட தடையில் இருக்கிறது.

அப்படியானால் புனிதமும் சாகும் என்பதை ஒப்புக்கொண்டே தீரவேண்டும். கிராஃபர்டு கண்ட செங்கல் அடித்தளங்களில் சில பௌத்த ஆலயத்தினுடையவையாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. அங்கே எந்தத் தெய்வத்துக்கு விளக்கெரிந்ததென்று சொல்ல இன்று ஆளில்லை. 1926இல் தேக்கத்துக்கு மண் வெட்டியவர்களுக்கு, நம் கோயில்களில் காணும் கீர்த்திமுகத்தை ஒத்த முகம் பொறித்த தங்கத் தோள்வளை கிடைத்தது. அதை அணிந்தவர் எதற்கெல்லாம் விரதம் காத்தாரோ, அவையெல்லாம் அவரோடு போயின. ஒருவரும் அவற்றைப் பொய்யென்று காட்டவில்லை. காப்பவர் இல்லாமற்போனார்கள்.

கோட்டைக்கு அடிக்கல் விழுந்த அதே 1859இல்தான், குன்றின் அருகே டேங்க் ரோட்டில், நகரத்தார் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தார்கள். பழைய கட்டடத்தைப் பெயர்த்துவிட்டு எழுப்பிய இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1983இல். ஆகவே கல்லின் வயதைப் பார்த்தால் மேலே நிற்கும் வாயில்தான் மூத்தது. இருந்தும், தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடியெடுத்து நடந்து வருகிறவர்களிடம், இது 1859இன் கோயில் அன்று என்று சொல்லிப்பாருங்கள். திருப்பணிக்காகத் தெய்வத்தின் கலையைக் கும்பத்தில் ஏற்றிப் பாலாலயத்தில் வைத்து வழிபடுவதை முறையாகக் கொண்ட மரபினருக்கு, கட்டடம் வேறு, கோயில் வேறு என்பதை யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, விலக்கு என்பதை இப்படிப் போற்றலாமா என்று நம் நாட்டார் ஒருவர் கேட்டால் வாயடைத்துத்தான் நிற்க வேண்டியிருக்கும். ஏனெனில் விலக்கை நாம் தலைமுறை தலைமுறையாகப் பிறர்மேல் சுமத்தி வந்தவர்கள். தனக்குத் தானே இட்டுக்கொண்ட தடையை அயலான் கால்களில் பூட்டும் கணத்திலேயே கோயில் கோட்டையாகிவிடுகிறது. அதற்குக் காவலும் தண்டனையும் தேவைப்படுகின்றன. மதுரையில் 1939 ஜூலை 8ஆம் நாள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், அதுகாறும் சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியின் சந்நிதிக்குள் சென்றார். தீட்டென்று சொல்லிப் பட்டர்களில் சிலர் கோயிலுக்கு வர மறுத்தார்கள். பூஜை நின்றுவிடவில்லை.