சுமையா, மனமா?

காலை 5 மணிக்கே பம்பலப்பிட்டித் தாய் ஒருத்தியின் நாள் தொடங்கிவிடுகிறது. இடியப்பம் அவிக்க வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். காலி வீதியில் பஸ் பிடித்துக் கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கு ஓட வேண்டும். மாலையில் பிள்ளைகளின் ரியூசன், இரவில் சமையல். படுக்கப் போகும்போதும் கைத்தொலைபேசியில் அலுவலகச் செய்தி. "ஏன் பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு?" என்று அயலவர் கேட்டால், "ஸ்ட்ரெஸ், அன்ரி" என்கிறாள்.

இந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நாம் என்ன நினைக்கிறோம்? "இவளுக்கு மனத்திடம் போதாது" என்றுதானே? குறையை அவள் மனத்திலே தேடுகிறோம். இது நியாயமா?

கனடாவின் மொன்றியலில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர், உடல் நெருக்கடிகளை எதிர்கொள்ளும் விதம்பற்றிய தம் ஆய்வை 1936இல் வெளியிட்டார். பின்னர் இச்சொல்லை உலகெங்கும் பரப்பினார். ஆனால், அதற்கு முன்பே இது பொறியியலாளரின் சொல். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள், 'தகைப்பு' என்பான். விசையைத் தாங்கும் பரப்பால் வகுத்தால் வருவது அது. பாரம் மாறாவிட்டாலும், தாங்கும் பரப்பு இரட்டித்தால் தகைப்பு பாதியாகும். கூரை முழுவதையும் ஒரே தூணில் ஏற்றிவிட்டுத் தூணைப் பழிக்கலாமா?

2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாட்களை நினையுங்கள். தந்தை, மகன், அயலவர் என மாறி மாறி நின்ற வீடுகள் உண்டு. பாரம் குறையவில்லை, தோள்கள் கூடின.

"அவரவர் சிலுவையை அவரவர் சுமக்கத்தானே வேண்டும்?" என்பர் சிலர். பிறருக்காக மனமுவந்து சுமப்பது தியாகம். ஆனால், ஒருத்தி தியாகம் செய்கிறாள் என்று சொல்லி மற்றவர்கள் கைகட்டி இருப்பது தியாகமன்று, அநீதி. கல்வாரிப் பாதையிலும் சீரேனே ஊர்ச் சீமோன் சிலுவையைச் சுமந்தார் அல்லவா? காலை முதல் மாலைவரை மக்களின் வழக்குகளைத் தனியே தீர்த்த மோசேயிடம், "இன்னும் திடமாயிரு" என்று மாமனார் இத்திரோ கூறவில்லை. வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார். மோசேயும் கேட்டார்.

இன்றிரவு உணவு முடிந்ததும் வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே செய்பவரின் பெயரையும் எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவற்றுள் எந்த இரண்டை யார் ஏற்பது என்று உறங்குமுன் முடிவு செய்யுங்கள்.