தன் எழுத்தைத் தானே படிக்கும் கருவி

பழைய வீட்டுக் கணினியின் ஃபிளாப்பி டிரைவில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். கேபிளைத் தலைகீழாகச் செருகிவிட்டால் முன்னால் இருக்கும் சின்ன விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு ஏறினால் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் திணறும், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் தெளியும். ஒரே ஒரு கோளாறு மட்டும் வெளியே தெரியாது. ஹெட் தன் இடத்திலிருந்து இம்மி விலகியிருந்தால், அந்த டிரைவ் ஒழுங்காக எழுதும், எழுதியதைப் பிசகில்லாமல் படிக்கும், ஆண்டுக்கணக்கில் வீட்டாரிடம் நல்ல பெயரும் வாங்கும். செகந்திராபாத்தின் மெட்டுகுடாவில், ரயில்வே வேலைக்காக எப்போதோ வந்து தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். 1990களில் வாங்கிய கணினி ஒன்று, பெட்டி நிறைய ஃபிளாப்பிகள். வீட்டுப் பிள்ளை புதிதாக ஒரு யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்க்கிறான், ஒரு டிஸ்க்கும் திறக்கவில்லை. பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்கு (சி.டி.சி. என்று கேட்டால்தான் செகந்திராபாத்தில் ஆட்டோக்காரர் வழி சொல்வார்) எடுத்துப்போனால் அங்கும் அதே கதை. வீடு திரும்பிப் பழைய கணினியில் போட்டால் எல்லாம் பளிச்சென்று திறக்கின்றன. பழுது யாரிடம்? குடும்பம் சொல்லப்போகும் பதில் ஊகிக்கக்கூடியதுதான்: நம் டிரைவ் நல்ல டிரைவ், வெளியில் இருப்பவைதான் சரியில்லை. இந்தப் பதிலில் என்ன குறை என்று கேட்டால், இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டு மல்லுக்கு நின்ற ஒரு வழக்குக்குள் நுழைந்துவிடுகிறோம்.

அந்த டிரைவ் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1.44 எம்.பி. டிஸ்க்கின் ஒவ்வொரு பக்கத்திலும் 80 வட்டத் தடங்கள். அங்குலத்துக்கு 135 தடம் என்ற நெருக்கம், அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும் தகட்டின் மேல், ஒரு சிறு மோட்டார் ஹெட்டைப் படிபடியாக நகர்த்துகிறது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை டிரைவுக்குள் இருக்கும் ஓர் உணரிதான் சொல்கிறது, அந்த இடமே பூஜ்யத் தடம். வெற்றுத் தகட்டில் தடங்கள் எங்கே ஓட வேண்டும் என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. ஃபார்மேட் செய்யும்போது டிரைவேதான் அவற்றை வரைகிறது. ஆகவே ஹெட்டை நகர்த்தும் மோட்டார் தன் இடத்திலிருந்து சற்று விலகியிருந்தால் 80 தடங்களும் ஒன்றுபோல நகர்ந்து விழும். பிறகு அதே ஹெட் அதே விலகலோடு வந்து படிக்கிறது. எழுதும் பிழையும் படிக்கும் பிழையும் ஒரே அளவு என்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது குற்றமற்ற ஓர் ஒத்திசைவு. அந்த வீட்டுக்குள் எத்தனை சோதனை நடத்தினாலும், ஆயிரம் முறை எழுதி ஆயிரம் முறை படித்தாலும், விலகல் அகப்படாது. சோதனை கூடக்கூடத் தவறான நம்பிக்கைதான் உறுதிப்படும்.

சமயத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் இந்த டிரைவின் வாதமேதான். எங்கள் நூல் இப்படிச் சொல்கிறது, எங்கள் அனுபவம் அதை உறுதி செய்கிறது, தலைமுறை தலைமுறையாக இரண்டும் முரண்பட்டதில்லை, ஆகவே இது உண்மை. அனுபவத்தை எப்படி அனுபவிப்பது என்று கற்றுக்கொடுத்ததே அந்த நூல்தான் என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. நூல் வரைந்த தடத்தில் மனம் ஓடும்போது நூலோடு ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? உள்ளுக்குள் முரண்பாடு இல்லாமை உண்மைக்கு அடையாளமாகாது. இதை எந்த ஒரு மதத்தின் மேலும் வைக்கவில்லை. கட்சிக்கும் இது பொருந்தும், கடவுள் இல்லை என்ற கொள்கையைத் தன் கூட்டத்துக்குள்ளேயே பேசிப் பேசி உறுதிப்படுத்திக்கொள்பவர்களுக்கும் பொருந்தும்.

இதற்கு எதிரான வலுவான வாதத்தை, வேதத்துக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர்கள் வைத்தார்கள். அறிவு தன்னாலேயே மெய் என்பது அவர்களில் ஒருவரான குமாரில பட்டரின் கட்சி. ஓர் அறிவை மெய்ப்பிக்க இன்னொரு அறிவு வேண்டுமென்றால், அந்த இன்னொன்றை மெய்ப்பிக்க வேறொன்று வேண்டும், அதற்கு முடிவே இல்லை. எனவே தோன்றிய அறிவை மெய்யென்றே கொள், அதற்கு மாறான அறிவு வந்தாலோ, அறிந்த கருவியில் குறை தெரிந்தாலோ மட்டும் கைவிடு. நடைமுறைக்கு இது மிகவும் நியாயமான யோசனை. காலையில் கணினியைத் தட்டியதும் டிரைவைச் சந்தேகப்படுபவன் ஒரு கடிதம்கூட அடித்து முடிக்க மாட்டான். ஆனால் மெட்டுகுடா வீட்டு டிரைவ் இந்தக் கொள்கையின் ஓட்டையைத் தொட்டுக் காட்டுகிறது. மாறான அறிவு வந்தால் கைவிடலாம், சரி. அது எந்த வழியாக வரும்? டிஸ்க் வாசலைத் தாண்டாத வரைக்கும் வராது. கருவியின் குறையும் அதே கருவியால் தெரியாது. குமாரிலரின் விதி செல்லுபடியாக வேண்டுமானால், மாறான அறிவு வந்து சேர ஒரு கதவைத் திறந்துவைக்கும் கடமையும் கூடவே வந்தாக வேண்டும். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே ஆசிரியரின் பிழையும் இல்லை என்று மீமாம்சகர்கள் சொன்னார்கள். அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் படிக்கிற ஹெட் மனிதனுடையதுதானே. ஒரே பிரம்ம சூத்திரத்தைச் சங்கரரும் ராமானுஜரும் மத்துவரும் மூன்று விதமாகப் படித்தார்கள். மூவருமே தத்தம் வாசிப்புக்குள் முரண்பாடு இல்லை என்று காட்ட வல்லவர்கள்.

நியாய மரபின் தர்க்கவாதிகளான நையாயிகர்கள் மறுபக்கம் நின்றார்கள். அறிவின் மெய்ம்மை அந்த அறிவுக்கு வெளியே இருந்துதான் தெரியவரும் என்றார்கள். முடிவில்லாத சங்கிலி என்ற தடைக்கு அவர்கள் விடை செயல். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்: அறிவை நம்பிச் செய்த முயற்சி பலித்தால் அந்த அறிவுக்கருவி நம்பத்தக்கது. கானல் என்று தெரியாமல் போனவனுக்குத் தாகம் தீராது, நீர் என்று அறிந்து போனவனுக்குத் தீரும். ஃபிளாப்பிக்கும் இதேதான். அளவுக்கு எழுதப்பட்ட அலைன்மென்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, ஹெட்டிலிருந்து வரும் சமிக்ஞையை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபடி, மோட்டாரின் திருகைத் தளர்த்தி மயிரிழை அளவு நகர்த்துவார்கள். அந்த அலைன்மென்ட் டிஸ்க்கே பிசகாக இருந்தால்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு ஏற்பச் சரிசெய்த டிரைவ், ஒன்றையொன்று அறியாத வெவ்வேறு ஆலைகளில் தயாரான டிரைவ்கள் எழுதிய டிஸ்க்குகளை எல்லாம் படிக்கிறது என்றால், அவை அத்தனையும் ஒரே திசையில் ஒரே அளவு பிசகியிருக்க வேண்டும் என்பதை யார் நம்புவார்? இங்கே முக்கியமானது தலைக்கணக்கு இல்லை, ஒருவரை ஒருவர் சாராமை. ஒரே டிரைவில் பிரதி எடுத்த நூறு டிஸ்க்கும் ஒரே சாட்சிதான். ஒரே மடத்தில் பயின்ற நூறு பேரின் ஒருமித்த கருத்தும் அப்படியே.

இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. வேறொருவருக்குப் படிக்க வரவில்லை என்பதாலேயே ஒன்று பிழையாகிவிடுமா? ஆகாது. செகந்திராபாத்துக்கு வாடி வழியாக வந்தது 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை, மன்மாடு பக்கம் போனது 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது என்பதால் எதையும் பழுது என்று யாரும் சொல்லவில்லை. கணினியிலும் அப்படி உண்டு. மாக்கின்டாஷின் 800 கே.பி. டிஸ்க் தடத் தொகுதிக்கு ஏற்பச் சுழலும் வேகம் மாற்றி எழுதப்பட்டது, சாதாரண பி.சி. டிரைவுக்கு அது எட்டாது. வேறு மரபுக்கும் பிசகிய கருவிக்கும் வேறுபாடு காண ஒரு வழி இருக்கிறது. மாக் டிஸ்க்கை இன்னொரு மாக் படிக்கும். மெட்டுகுடா டிரைவ் எழுதியதை அது மட்டுமே படிக்கும், தன் இனத்து டிரைவ்களே படிக்கமாட்டா. ஒரு சமயத்தைப் பிற சமயத்தார் புரிந்துகொள்ளவில்லை என்பது அதன் மேல் குற்றமாகாது. அதே சமயத்து நேர்மையான அடியார்களுக்கே அடையாளம் தெரியாத ஒன்றை ஒருவர் அதன் பெயரால் சொன்னால் ஐயப்பட இடமிருக்கிறது.

படிக்க முடியாத டிரைவ் என்ன செய்கிறது என்பதையும் கவனிக்கலாம். விண்டோஸ் கணினி, எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்கும். தனக்கு விளங்காததை வெற்று என்று அறிவித்து, அழித்துவிட்டுத் தன் தடங்களை அதன் மேல் வரைய முன்வருகிறது. பிற சமயங்களை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் முடித்துக்கட்டியவர்கள் எந்த நாட்டிலும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தமிழில் அதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் வாதங்களில் பெரும்பகுதியை, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் வழியாகத்தான் அறிகிறோம். எதிராளியின் டிரைவ் படித்துக் காட்டிய அளவே மிச்சம். இதற்கு மாறான சான்றும் உண்டு. இன்னொரு பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் நாயகி, தன் வழி எது என்று ஏறக்குறையத் தெரிந்த பிறகும், வஞ்சி நகரில் மாறுவேடத்தில் அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் அவரவர் திறம் சொல்லக் கேட்கிறாள். காட்சி ஒன்றே அளவை என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். எழுதியவர் சாத்தனார், அவரும் பௌத்த ஹெட்டால்தான் மற்றவர்களைப் படித்தார் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்க வேண்டும், கேட்ட பிறகே தெளிய வேண்டும் என்ற முறையைக் காப்பியத்துக்குள் வைத்தாரே, அதைப் பெரிதாகவே மதிக்கிறேன்.

இவ்வளவும் நாத்திகத்தைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரும் தந்திரம் என்று பக்தர் ஒருவர் சொல்லக்கூடும். உதயணர் அதற்கு விடை. அறிவின் மெய்ம்மை வெளியிலிருந்தே வருகிறது என்று வாதிட்ட அந்த நையாயிகர்தான் நியாய குசுமாஞ்சலியில் அதே கொள்கையிலிருந்து இறைவனுக்கு ஒரு வாதம் கட்டினார்: சொல்லின் நம்பகம் சொல்பவரைப் பொறுத்தது, ஆகவே வேதத்துக்கும் நம்பத்தக்க ஒரு ஆசிரியர் இருந்தாக வேண்டும். அந்த வாதம் நிற்குமா என்பது வேறு விஷயம். வெளிச்சோதனையை ஏற்பவர் கடவுளைக் கைவிட வேண்டியதில்லை என்பது மட்டும் தெளிவு. இன்னும் சிலர், எங்கள் அனுபவம் உள்முகமானது, பிறர் படிப்பதற்கு இல்லை என்பார்கள். நல்லது, அப்படியானால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. அந்த டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் எதைத் தின்ன வேண்டும், யாரை மணக்க வேண்டும் என்று அதை வைத்துச் சட்டம் பேசும் நொடியில் டிஸ்க் வெளியே வந்துவிட்டது, சோதனைக்கும் வந்தாக வேண்டும்.

கடைசியாக, மக்கள் தம் பிசகைத் திருத்திக்கொள்ளத் தயங்குவதற்குப் பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. இதையும் அந்த டிரைவிடமே கற்கலாம். ஹெட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்திய மறுகணம், இத்தனை ஆண்டு எழுதிய அத்தனை டிஸ்க்கும் அதற்கே படிக்க வராமல் போகும். தாத்தாவின் கடிதங்கள், கணக்கு, தமிழில் அடித்துவைத்த கட்டுரைகள், எல்லாம். மதம் மாறியவரும் மதத்தை விட்டவரும் சொல்லும் இழப்பு இத்தகையது. பாட்டியின் விரதமும் பண்டிகையின் வாசனையும் இனி புரியாத மொழியாகிவிடுமோ என்ற அச்சம் போலியானதன்று. அதற்காகப் பிசகோடு வாழ்வது விடையாகாது. திருத்தம் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வீசி எறிவதும் விடையாகாது. எனவே பரணில் ஃபிளாப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய டிரைவைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், அதன் திருகையும் இப்போது தொடாதீர்கள். ஹெட்டைத் துடைத்து, ஒவ்வொரு டிஸ்க்காக அதே டிரைவில் படித்து, ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பூஞ்சை பிடித்த டிஸ்க்கைக் கடைசிக்கு வையுங்கள், அது ஹெட்டைக் கெடுத்துவிடும். பிரதி எடுத்ததை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகு டிரைவைச் சரிசெய்யலாம். சோனி 2011லேயே ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது, இந்த வேலைக்கு அவகாசம் அதிகமில்லை.