மாரடைப்பும் வினைக்கணக்கும்

நடுவயதில் ஒருவருக்கு மாரடைப்பு வந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் உடனே கணக்குப் பார்க்கிறார்கள். முன்பு 'செய்த வினை' என்றார்கள். இப்போது 'வாயைக் கட்டவில்லை' என்கிறார்கள். இரண்டிலும் நோய் ஒரு தண்டனை. தண்டனை இருந்தால் குற்றவாளியும் இருந்தாக வேண்டும். மனிதர் படும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையின் பயன்தானா என்று சீவகர் என்ற துறவி புத்தரிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. புத்தர் மறுத்தார். பித்தம், கபம், வாதம், மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, தாக்குதல் என்று அடுக்கிவிட்டு, வினையைக் கடைசிக் காரணமாக மட்டும் வைத்தார். மாரடைப்புக்கு வழிவகுக்கும் தமனி நோயைப் பற்றி இன்று தெரிந்திருப்பவை அந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கின்றன.

கொலஸ்ட்ராலைச் சுமந்து இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் துகள்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து சிக்கி உருமாறுகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வருபவை மேக்ரோஃபேஜ்கள். கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்குவதே இந்த நோயெதிர்ப்புச் செல்களின் தொழில். பொதுவாக ஒரு செல், தேவையான கொலஸ்ட்ரால் சேர்ந்ததும் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். உருமாறிய எல்டிஎல்லையோ மேக்ரோஃபேஜ் வேறு வகை ஏற்பிகளால் விழுங்குகிறது, அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. செல் கொழுப்பால் நிறைந்து நுரைச் செல்லாகிறது. உள்ளே கொலஸ்ட்ரால் படிகமானால் அபாய அறிவிப்பாக இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியேறுகிறது. அழற்சி மூள, மேலும் செல்கள் வந்து விழுங்கி, அங்கேயே மடிகின்றன. இப்படிச் சேரும் படிவின் மேல்மூடி மெலிந்து கிழிந்தால் இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் பத்தாயிரம் பேரிடம், கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற இந்த ஒரு சமிக்ஞையை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். நடுத்தர அளவு மருந்து பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன; ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது முடிவு. கெடுப்பதை நிறுத்தப் போனால் காப்பதும் குறைகிறது, ஏனெனில் இரண்டும் ஒரே செயல். எண்ணமே வினை என்றவர் புத்தர். எண்ணமே இல்லாத ஒரு செல் தன் வேலையைச் செய்து விளைவித்த கேட்டை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

புகையிலையும் உணவும் சோம்பலும் காரணம் இல்லையா என்று கேட்கலாம். காரணம்தான். புத்தரின் பட்டியலிலும் உடலைப் பேணாமை உண்டு. ஆனால் வினையிலிருந்து தனியாக உண்டு. புகைப்பவர் நோயை வரவழைக்கிறார் என்பது உண்மை. அதனால் அந்த நோய் அவருக்குத் தகும் என்பது வேறு கூற்று, முதலாவதிலிருந்து அது பிறப்பதில்லை. எகிப்து, பெரு உள்ளிட்ட நான்கு நிலப்பகுதிகளின் 137 மம்மிகளை ஸ்கேன் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் தமனித் தடிப்பு இருந்தது அல்லது இருந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. பொரித்த கோழிக்கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

வினைக்கொள்கையர் இன்னும் ஒரு படி பின்னே போகலாம்: இப்பிறவியில் இல்லாவிட்டால் முற்பிறவியில். எல்டிஎல் ஏற்பியின் பழுதான மரபணுவைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதுண்டு. மறுபுறம், பிசிஎஸ்கே9 மரபணு செயலிழந்து பிறந்த சிலருக்கு, தாங்கள் எதுவும் செய்யாமலே, வாழ்நாள் முழுக்கக் கொலஸ்ட்ரால் குறைவு. ஒன்றைப் பாவம் என்றும் மற்றதைப் புண்ணியம் என்றும் சொன்னால் மறுக்க வழியில்லை. மறுக்க வழியில்லாததே அதன் குறை: எது நடந்தாலும் அது பொருந்திவிடும், அடுத்து என்ன செய்வது என்று மட்டும் சொல்லாது. மரபணு விளக்கமோ, அந்தக் குழந்தையின் தம்பி தங்கைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது, மாரடைப்பு வரும்வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கவும் சொல்கிறது.