எர்த்து எந்தப் பக்கம்?

பழைய மோரிஸ் மைனருக்குப் புது பேட்டரி மாட்டுகிறவர் இன்றைய வழக்கப்படி நெகட்டிவை பாடியில் இறுக்கினால் வம்புதான். 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்குப் பாசிட்டிவ்தான் எர்த்து. இரு முனைகளுக்கும் இடையிலுள்ள 12 வோல்ட் மெய். எந்த முனையைப் பூஜ்யமாகக் கொள்வது என்பது மனிதர் கூடி வைத்த ஏற்பாடு. அறமும் அப்படியொரு ஏற்பாடுதானா, ஆமென்றால் அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி நாஞ்சில்நாட்டுக்குப் புதிதல்ல. அந்நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே வேளாளர் சொத்து மகனுக்கு. மேற்கே நாஞ்சில்நாட்டு வேளாளர் வீட்டில் அது சகோதரி மகனுக்கு. அடுத்த தலைமுறையைக் காப்பது கடமை என்பதில் இரு பக்கமும் பேதமில்லை. கணக்கை எந்த முனையில் தொடங்குவது என்பதில்தான் பேதம். அவரவர் முனையையே அவரவர் தர்மம் என்றார்கள்.

ஏற்பாடுதானே, எப்படி மாட்டினால் என்ன என்று கேட்கலாம். பல்புக்கு ஒன்றுமில்லை, அந்தக் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே திசையில்தான் சுற்றும். ஆனால் வண்டியில் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் கருகிவிடும். ஒரு மரபை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்டவர்கள் அந்த ரேடியோவைப் போல. மரபு மனிதர் செய்ததுதான் என்ற தத்துவம் அவர்களைக் காப்பாற்றாது. இதைக் கேட்டதும் பழமைவாதி, அப்படியானால் தொடாதே என்பார். அதுவும் சரியில்லை. எர்த்தை மாற்றலாம், முழுக்க மாற்ற வேண்டும். டைனமோவின் இரும்பில் பழைய காந்தம் தங்கியிருக்கும். பேட்டரியை மட்டும் திருப்பினால் அது பழைய திசையிலேயே மின்சாரத்தைத் தள்ளும், கட்-அவுட் பாயின்ட் தீயும். பீல்டு முனையில் பேட்டரி வயரை ஒரு கணம் தொட்டெடுத்துக் காந்தத்தையும் திருப்பிவிட வேண்டும். மெக்கானிக்குக்குத் தெரிந்த இந்த நிதானம் சீர்திருத்தக்காரர் பலருக்கு வாய்ப்பதில்லை.

சகோதரி மகனுக்குச் சொத்து போகும் அந்த மருமக்கள் வழியில் மனைவி மக்கள் பட்ட பாட்டைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் கிழித்துக் காட்டினார். அதை மாற்ற 1926-இல் திருவிதாங்கூரின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மாற்றம் தேவைதான்; மகனின் பட்டினியை மரபு என்று மூட முடியாது. ஆனால் குடும்பத்தைப் பெண் வழியாக எண்ணிய கணக்கு அதோடு தளர்ந்தது. அதற்கு ஈடு உடனே வரவில்லை. பூர்வீகச் சொத்தில் மகனோடு மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989 முதல்தான்; அதுவும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்திய சட்டம்.